நானூற்றுப் பன்னிரண்டில் சிறுத்தை இல்லை

எங்கள் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் பி.டி. சார். நூலகர் என்று யாரையும் அரசாங்கம் போடவே இல்லை. தமிழ் ஐயாவைக் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார். அறிவியல் டீச்சருக்கு ஆய்வகம் இருந்தது. விளையாட்டுச் சாமான் அறையும் நூலகமும் ஒரே அறை என்பதால் சாவி ஏற்கெனவே பி.டி. சார் இடுப்பில் தொங்கியது. சாவி யாரிடமோ அவர் தலையில் வேலை. ஆரணியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படித்த பள்ளிக்கு நூலகம் இப்படித்தான் நடந்தது. புத்தக நாளன்று மேடையேறி வாசிப்பின் அருமையைப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் வந்ததில்லை.

நான்கு இரும்பு பீரோ. அவற்றின் தலைமேல் வலைப்பந்து வலை. மூலையில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை. நடுவில் உயரம் தாண்டும் பஞ்சு மெத்தை. புதன்கிழமை நான்காவது பிரிவேளை நூலக வகுப்பு. அந்த மெத்தைமேல் உட்கார்ந்தும் படுத்தும் படிப்போம். புத்தகத்தின் முதுகு பிய்ந்தால், கால் பிசகியவனுக்கு ஒட்டும் அதே பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிவிடுவார். அதனால் பாதிப் புத்தகங்கள் அடிபட்ட ஆட்டக்காரர்கள் மாதிரிதான் இருக்கும். அறை முழுக்க வலி மருந்து வாசனை.

அவர் எங்களைப் படி படி என்று சொன்னதே இல்லை. என்ன படித்தாய் என்றும் கேட்கமாட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டே கேள்வி.

"எந்தப் பக்கத்துல நின்ன?"

பக்கத்தைச் சொன்னால் அடுத்தது.

"ஏன் அங்க?"

முடித்துவிட்டேன் என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் வராது. சரி என்று தலையாட்டுவார். பாதியில் விட்டவன்தான் அவருக்கு முக்கியம். அவனை மெத்தை ஓரத்தில் உட்காரவைத்து, கபடி ஆட்டத்துக்கு மதிப்பெண் குறிக்கும் நோட்டை விரித்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அவன் சொல்வதை எழுதிக்கொள்வார். இப்படிக் கேட்கும் ஆசிரியரை நாங்கள் பார்த்ததில்லை. முதலில் அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம்.

"பேரு நெறைய வந்துச்சு சார். யாரு யாருன்னு தெர்ல."

"அந்த ஆளு செத்துட்டான் சார். அப்புறம் புடிக்கல."

"எங்கம்மா தண்ணி புடிக்கக் கூப்டுச்சு சார். வெச்சிட்டுப் போனேன். அப்புறம் எடுக்கத் தோணல."

இதையெல்லாம் அப்படியே எழுதுவார். பிறகு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒருவர் நின்றால் ஒரு புள்ளி. சில புத்தகங்களில் ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் எறும்பு மாதிரி மொய்த்திருக்கும். அவர் புத்தகம் எடுத்தால் சிவப்புப் பென்சிலில் தனக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். சிவப்புப் புள்ளி எந்தப் புத்தகத்திலும் பத்தாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

"எனக்கு ஏழு பக்கம் மேல தாங்காதும்மா. கண்ணு சொருகிக்கும்" என்று அவரே சொல்வார். பி.டி. சாருக்குப் படிக்கவே தெரியாது என்று பத்தாம் வகுப்புப் பையன்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இந்த ஆர்வம் புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மதிய உணவுத் தட்டைக் கழுவ வருகிறவனிடம் எத்தனையாவது கவளத்தில் போதும் என்று தோன்றியது என்பார். ஆற்று மணலில் ஓடிவிட்டு மூச்சிரைக்க உட்கார்ந்தவளிடம், எந்த மரத்துக்கிட்ட விட்டுவிடலாம் என்று நினைத்தாய் என்பார். சில பேருக்கு இது பயமாகவே இருந்தது. மனதுக்குள் எட்டிப் பார்க்கிறார் என்று சங்கீதா சொன்னாள். சங்கீதா என் வகுப்பு. அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர் மகள். கதையில் அவள் பின்னால் வருவாள்.

என் அப்பா ஒருமுறை பள்ளிக்கு வந்தார். நான் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டேன் என்று கூப்பிட்டிருந்தார்கள். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். தலைமையாசிரியர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பி.டி. சார் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "ஏங்க, ஒரு பொடவையில எந்த எடத்துல வேலை சலிக்கும்?" என்று கேட்டார்.

அப்பா கட்டிய கையை எடுத்தார்.

"பாதி தாண்டி ரெண்டு மொழம் சார். அங்கதான் காலு மிதிக்கமாட்டேன்னும்."

"ஏன் அங்க?"

"ஆரம்பிச்சப்ப இருந்த வேகமும் போயிடும். முடியற எடமும் கண்ணுக்குத் தெரியாது சார்."

அரை மணி நேரம் பேசினார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம், "முப்பது வருசமா நெய்றேன். ஒருத்தனும் இதக் கேட்டதில்ல" என்றார். நான் சடையை இழுத்த விஷயத்தையே மறந்துவிட்டார்.

எல்லாரும் நிற்கும் பக்கம் தெரிந்ததும் பி.டி. சார் சும்மா இருக்கமாட்டார். அந்தப் பக்கத்தைத் தாண்டியவன் யாரென்று தேடிப் பிடிப்பார். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று கேட்டு, அவன் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தில் பிளாஸ்திரியால் ஒட்டுவார். நீள ஓட்டத்தில் வழியில் தண்ணீர் வைப்பதுபோல என்பார். சீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். கடைசியைச் சொல்லக்கூடாது. முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

'இங்கே ஊர்ப்பேர் நிறைய வரும். நினைவு வைக்கத் தேவையில்லை. மூன்று பக்கம் போனால் சண்டை.'

'தாத்தா பேசிக்கொண்டே இருப்பார். பொறுத்துக்கொள். குரங்கு வரும்.'

இப்படி அறுபது எழுபது புத்தகங்களில் சீட்டு இருந்தது. சீட்டை நம்பி நாங்கள் தாண்டினோம். எழுதியிருந்தது அப்படியே வந்தது. குரங்கு என்றால் குரங்கு வந்தது. பள்ளியில் வேறு எந்த வாக்குறுதியும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு என்பது ஒரு புத்தகத்தின் இருப்பு எண். அட்டை இல்லை, முதல் தாளும் இல்லை, அதனால் பெயரும் இல்லை. ஏதோ குளிர்நாட்டுக் கதை, தமிழில் பெயர்த்தது. ஆறு உறைந்துவிடுகிறது. ஒரு படகோட்டி தன் படகோடு கரையில் காத்திருக்கிறான். நூற்று இருபது பக்கம். அறுபதாம் பக்கத்தில் பத்தொன்பது புள்ளி. அதைத் தாண்டி ஒரு புள்ளிகூட இல்லை. பி.டி. சாருக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. "அப்டி இன்னாதான் இருக்கு அறுவதுல" என்று கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் நான் அதை எடுத்தேன். நானும் அறுபதில் நின்றேன். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "முடிச்சிட்டேன் சார்" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அறுவது தாண்டிட்டியா? அப்புறம் இன்னா வருது?"

என் எதிரில் முப்பது பேர் மெத்தைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். பனி என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "சிறுத்தை வரும் சார்."

சொன்னதைச் சீட்டில் எழுதினேன். 'அறுபதுக்கு அப்புறம் சிறுத்தை வரும்.' என் கையெழுத்து அன்றைக்கு மிக அழகாக வந்தது. அவர் அதை ஒட்டினார். வழக்கமாகச் செய்கிற ஒன்றை அன்று செய்ய மறந்தார். புத்தகத்தின் ஓரத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஓரம்தான் அவர் சாட்சி. எங்கள் வீடுகளில் பள்ளிவிட்டுப் போனதும் பட்டுநூல் சுற்ற உட்காருவோம். புதுச் சாயம் விரலில் ஏறும். அந்த விரலால் பக்கம் புரட்டினால் புத்தக ஓரத்தில் சாயக் கறை படியும். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். "இந்த வாரம் உங்க வீட்ல பச்சையா?" என்று பார்த்ததும் கேட்பார். கறை எந்தப் பக்கத்தில் முடிகிறதோ அங்கேதான் வாசித்தவர் நின்றிருக்கிறார். பொய் சொல்லி அவரிடம் தப்பவே முடியாது. என்னிடம் மட்டும் பார்க்க மறந்தார். ஒருத்தி தாண்டிவிட்டாள் என்ற பரபரப்பு.

சிறுத்தைக்காக வரிசையில் நின்று நானூற்றுப் பன்னிரண்டை எடுத்தார்கள். ஏழு பேர் அறுபதைத் தாண்டினார்கள். ஏழு பேரும் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று எங்கெங்கோ விட்டார்கள். ஆளுக்கு ஆள், தான்தான் அவசரப்பட்டு விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். எட்டாவதாக எடுத்தவள் சங்கீதா. அவள் விடுகிற ஆள் இல்லை. ஒரு புதன்கிழமை புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"எங்கடி சிறுத்தை?"

"வரும், ஒழுங்கா படி."

"கடைசி வரிக்கும் படிச்சேன்டி. ஒவ்வொரு பக்கத்துலயும் இந்தா வருது, இந்தா வருதுன்னு பாத்துகினே போறேன். புக்கே முடிஞ்சிடுச்சு. ஒரு பூனகூட வர்ல."

மெத்தை முழுக்கச் சிரிப்பு. பி.டி. சார் வந்து புத்தகத்தை வாங்கினார். ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். என் அரக்குக் கறை அறுபதில் நின்றிருந்தது.

அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. எல்லார் எதிரிலும் அறுபதாம் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு புள்ளி வைத்தார். "இவ இங்க நின்னா" என்றார். அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எனக்கு ஆத்திரம். "அதனாலதான சார் ஏழு பேரு தாண்டிச்சு? சங்கீதா முடிச்சே முடிச்சிட்டா. நல்லதுதான நடந்துச்சு?" என்றேன்.

என் கேள்வியை நிஜமாகவே யோசித்தார்.

"தாண்டுச்சுதான்" என்றார். "அடுத்த சீட்ட யாரு நம்புவா?"

அதற்குப் பதில் பள்ளிக்கூடமே சொன்னது. அடுத்த வாரத்திலிருந்து எந்தப் புத்தகத்தில் சீட்டைப் பார்த்தாலும் பையன்கள், "இதுவும் சிறுத்தையாடா?" என்றார்கள். யாராவது கதை விட்டால் சிறுத்தை. நாளைக்கு லீவு என்று எவனாவது சொன்னால் சிறுத்தை. குரங்கு நிஜமாகவே வருகிற புத்தகத்தைக்கூட ஒருவன் சீட்டு இருந்த பக்கத்தோடு நிறுத்தித் திருப்பிக் கொடுத்தான். "குரங்கெல்லாம் வராது சார், எங்களுக்குத் தெரியும்." பி.டி. சார் அவனுக்குக் குரங்கு வருகிற பக்கத்தைத் திறந்தே காட்டினார். அவன் பார்த்தான். ஆனால் படிக்கவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொன்றாக ஒட்டிய சீட்டுகள் ஒரே மாதத்தில் வெறும் காகிதம் ஆயின. அவர் மதிப்பெண் நோட்டை விரிப்பதையும் குறைத்துக்கொண்டார். வகுப்பு முடிய விசில் ஊதுவதோடு சரி.

சங்கீதாவிடமே வேறு சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். "ஒரு மண்ணும் இல்ல சார், பனி" என்றுவிட்டாள். சிறுத்தையைத் தேடியே படித்தவள் வேறெதையும் கவனித்திருக்கமாட்டாள்.

ஒருநாள் நானே போய், "இப்ப நான் இன்னா சார் செய்யணும்?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. சண்டைக்குப் போகிற குரல்.

"நீ எழுதுன சீட்டு. நீயே மாத்து. படிச்சிட்டு மாத்து."

மூன்று வாரம் படித்தேன். பனி பெய்தது. படகோட்டி அடுப்பு மூட்டினான். கயிறு முறுக்கினான். மறுபடி பனி பெய்தது. ஆரணி வெயிலில், மதிய இடைவேளைகளில், வியர்வை ஒழுக, பஞ்சு மெத்தையில் கிடந்து அந்தப் பனியைத் திட்டிக்கொண்டே படித்தேன். அவர் தினமும் வந்து, "எந்தப் பக்கம்?" என்பார். எழுபத்தி ரெண்டு என்பேன். போய்விடுவார். உற்சாகப்படுத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் இருந்ததும் இல்லை.

முடித்தேன். புத்தக ஓரத்தில் கடைசிப் பக்கம் வரை என் கறை. அந்த மாதம் எங்கள் வீட்டில் மயில் நீலம். ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார். 'பனி அழகாக இருக்கும்' என்று எழுதினேன்.

"அழகா இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் எழுதுற?"

'படகோட்டி நல்லவன்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "நல்லவனா இருந்தா எவன்மா படிப்பான்" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது சீட்டில் கோபத்தோடு உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

'இதற்கு மேல் ஐம்பது பக்கம் பனி. ஒன்றும் நடக்காது. நான் நிறுத்தவில்லை.'

இரண்டு முறை படித்தார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினார். கட்டைவிரலால் பிளாஸ்திரியை அழுத்தித் தேய்த்தார்.

பையன்கள் அதையும் கிண்டல்தான் செய்தார்கள். "ஒண்ணுமே நடக்காதாம்டா. பாத்துர்லாமா?" என்று ஒருவன் பந்தயம் கட்டி எடுத்துப் போனான். திரும்பி வந்து, "மெய்தான்டா. ஒண்ணுமே நடக்கல" என்று பெரிய அதிசயம் மாதிரி சொன்னான். எத்தனையாவது பக்கம் வரை போனாய் என்றதற்கு எண்பது என்றான். அதைக் கேட்டு இன்னொருத்தி எடுத்தாள். ஒன்றும் நடக்காது என்றால் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் குரங்கும் வரலாம் என்று மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தார்கள். மதிப்பெண் நோட்டு மறுபடி விரிந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அவர் இல்லை. மாறுதல் ஆணை வந்து ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். சாவி வேறொருவர் கைக்குப் போனது. பீரோக்களைப் பூட்டினார்கள். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவை திறக்கவில்லை.

இப்போது செய்யாற்றில் கம்பெனி வேலை. பஸ்ஸில் போகும்போது படிப்பேன். போன மாதம் மதிப்பெண் சான்றிதழ் நகல் விஷயமாகப் பள்ளிக்குப் போனேன். நூலகத்துக்குப் புது அறை. கண்ணாடி அலமாரி, சுவரெல்லாம் பொன்மொழி. பொறுப்பு கணினி டீச்சரிடம். மூலையில் கழித்துப் போடும் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் குவித்திருந்தார்கள். பிளாஸ்திரி ஒட்டியவையெல்லாம் அதில் கிடந்தன. கையைவிட்டுத் தேடினேன். நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

"அது வேஸ்ட்டுங்க. வேணும்னா எடுத்துக்குங்க" என்றார் டீச்சர்.

என் சீட்டு அறுபதாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. அதன் கீழே, பென்சில் புள்ளிகளுக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி.

பின்னால் புரட்டினேன். ஏழில் சிவப்பு. பதினாலில் சிவப்பு. இருபத்தொன்றில் ஒன்று. ஒரு நாளைக்கு ஏழு பக்கம் போலிருக்கிறது. முன்னால் புரட்டினேன். அறுபத்தி ஏழு, எழுபத்தி நான்கு. பனிக்குள் நடந்து போன கால்தடம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தொண்ணூற்றைந்து, நூற்று இரண்டு. ஓரிரு இடத்தில் மட்டும் மூன்று நான்கு பக்கத்திலேயே தூங்கியிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டில் கடைசிப் புள்ளி. அதற்கு மேல் இல்லை. ஐம்பது பக்கப் பனியையும் தாண்டிவிட்டு, மீதி எட்டுப் பக்கத்தை விட்டிருக்கிறார். அந்த எட்டுப் பக்கத்தில்தான் நடக்கிறது. என்ன நடக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன்.

பள்ளியின் பழைய உதவியாளரிடம் எண் வாங்கி அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். ஓய்வு பெற்று வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பேரைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன். தெரியவில்லை என்றார்.

"சிறுத்தை சார்."

"அட. சிறுத்தையா நீ. இன்னா பண்ற?"

"செய்யாறு கம்பெனில இருக்கேன் சார். நானூத்திப் பன்னண்டு எங்கிட்ட இருக்கு. நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல நின்னுட்டீங்க."

பின்னால் எங்கோ மாடு கத்தியது கேட்டது.

"ஏன் சார் அங்க?"

"அன்னிக்குதான்மா ஆர்டர் வந்துச்சு. சாவிய வாங்கிகினாங்க. புக்கு உள்ள மாட்டிகிச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே."

"பி.டி. வாத்தியாரு புக்கு கேட்டா சிரிப்பாங்கம்மா."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவரைப் படிக்கத் தெரியாதவர் என்று சொன்ன பையன்களோடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்றார் மெதுவாக. "அந்தப் படகுக்காரன். அந்தப் பனி."

"கடைசியச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானது.

"ஞாயித்துக்கிழம எடுத்துகினு வரேன் சார்."

"எத்தினி பக்கம்மா மீதி?"

"எட்டு சார்."

"எட்டா" என்றார். "ஏழுக்கு மேல ஒண்ணு. ஓடிடலாம்."